தலைக்கு 140 ரூபாய்

பெங்களூரு மாநகராட்சி செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் இருந்தது. பொறியாளர்களும் கான்ட்ராக்டர்களும் அதை ஜாப் கோடு என்பார்கள். முதல் மூன்று இலக்கம் வார்டைச் சொல்லும், அடுத்த இரண்டு ஆண்டைச் சொல்லும், மீதி வரிசை எண். நகரம் 198 வார்டுகளாக இருந்த காலத்தில் 089 என்று தொடங்கினால் அது ஜோகுபாளையத்து வேலை. எண் விழுந்த வேலைக்கு எஸ்டிமேட் வரும், டெண்டர் வரும், பில் வரும். எண் விழாத வேலையை எத்தனை பேர் எத்தனை முறை கேட்டிருந்தாலும் மாநகராட்சியின் புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது.

“இந்தச் சாக்கடையக் கொஞ்சம் பாருங்க சார்” என்று ஒருவர் தெருவில் நின்று சொல்வதற்கும் அது அப்படி ஒரு நீண்ட எண்ணாக மாறுவதற்கும் நடுவே என்ன நடக்கிறது? யார் சொன்னது எண்ணாகிறது, யார் சொன்னது காற்றோடு போகிறது? இதை அரசியல் என்று சொல்லி நிறுத்திவிடுவது எளிது. உள்ளே போய்ப் பார்த்தால் நிகழ்தகவு இருக்கிறது, வகுத்தல் கணக்கு இருக்கிறது, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு குடமும் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அல்சூர் ஏரிக்கும் பழைய மெட்ராஸ் ரோட்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது ஜோகுபாளையம். கேம்பிரிட்ஜ் லேஅவுட் இங்கேதான். பழைய கிராமத்தின் நெருக்கமான சந்துகளும் இங்கேதான். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே தெருமுனையில் காதில் விழும். 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாநகராட்சிப் பகுதியில் 84 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 198ஆல் வகுத்தால் வார்டுக்குச் சராசரியாக 42,600 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கார்ப்பரேட்டர்.

அந்த ஒருவரும் இல்லாமல் போன காலமும் வந்தது. ஜோகுபாளையத்தின் கார்ப்பரேட்டராக இருந்த எம். கௌதம் குமார் 2019 அக்டோபரில் நகர மேயரானார். 2020 செப்டம்பர் 10 அன்று மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் குறித்த காலத்தில் வரவில்லை. 2025 செப்டம்பர் 2 அன்று பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபோதும் மாமன்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. ஆக, பழைய மாநகராட்சியின் கடைசி மேயரைக் கொடுத்தது இந்தச் சின்ன வார்டுதான். புதிய ஏற்பாட்டில் ஐந்து மாநகராட்சிகளுக்கும் சேர்த்து 369 வார்டுகள் வகுத்தார்கள். ஏறக்குறைய பழைய வார்டில் பாதி அளவு. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். கேட்பவர் காதுக்கு எட்டும் தூரம் குறைகிறதே.

கார்ப்பரேட்டர் ஒருவரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று சட்டம் முன்பே யோசித்திருந்தது. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமையவேண்டும் என்றது. கர்நாடகம் 2011இல் தன் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, வார்டுக்கு ஒரு கமிட்டி என்று வகுத்தது. கார்ப்பரேட்டர் தலைவர். அவரோடு பத்துப் பேர். அதில் குறைந்தது மூன்று பெண்கள், பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் இருவர், ரெசிடெண்ட்ஸ் அசோசியேஷன்களிலிருந்து இருவர். ஏட்டில் இருந்ததை நடப்புக்குக் கொண்டுவரக் குப்பை தேவைப்பட்டது. நகரத்தின் குப்பை வழக்கை விசாரித்த கர்நாடக உயர் நீதிமன்றம் கமிட்டிகளை அமைக்கும்படி நெருக்க, மாதம் ஒரு கூட்டம் என்ற பழக்கம் மெல்ல வந்தது. தமிழ்நாட்டில் இதே ஏற்பாட்டுக்கு 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார்.

சரி, கமிட்டி கூடிவிட்டது. கையில் என்ன இருக்கிறது? 2021 வாக்கில் பெங்களூரு மாநகராட்சி வார்டு கமிட்டிகளின் யோசனைப்படி செலவிட வார்டுக்கு 60 லட்ச ரூபாய் ஒதுக்கியது. சாலைப் பள்ளங்களுக்கு 20, நடைபாதைக்கு 20, ஆழ்துளைக் கிணறுகளுக்கு 20. சராசரி வார்டின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 140 ரூபாய். தர்ஷினி ஓட்டலில் இரண்டு மசாலா தோசை சாப்பிடுகிற காசு. ஆனால் இரண்டு தோசையைத் தனியாக வாங்கலாம், சாக்கடையை யாரும் தனியாக வாங்க முடியாது. 42,600 பேரின் 140 ரூபாயைச் சேர்த்து வைத்து, எதற்குக் கொடுப்பது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இப்படி மக்களே பொதுப் பணத்தின் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வதற்குப் பங்கேற்பு பட்ஜெட் என்று பெயர்.

பதினொரு பேர் சேர்ந்து முடிவெடுத்தால் ஒருவர் எடுப்பதைவிட நன்றாக இருக்குமா? இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் கோந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர், 1785இல். ஒரு கேள்விக்கு இரண்டே விடைகள், அதில் ஒன்றுதான் சரி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 60 முறை சரியான பக்கம் நிற்கக்கூடியவர். பெரிய அறிவாளி இல்லை, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். தனியாக முடிவெடுத்தால் நூற்றுக்கு 60தான். வார்டு கமிட்டியைப்போலப் பதினொரு பேர் ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மையை எடுத்தால் அது 75 ஆகிறது. 101 பேர் என்றால் சுமார் 98! யாரும் கூடுதலாக எதையும் படிக்கவில்லை, யாரும் நிபுணராகவில்லை. எண்ணிக்கை மட்டுமே இந்த வேலையைச் செய்கிறது. ஒருவருடைய பிழையை இன்னொருவருடைய சரி அமுக்கிவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்திருக்க வேண்டும். கூட்டம் தொடங்கியதும் செல்வாக்கான ஒருவர் எழுந்து “பார்க்குக்கு வேலி போடறதுதான் முக்கியம்” என்று சொல்லி, மற்ற பத்துப் பேரும் தலையாட்டிவிட்டால் அங்கே ஓட்டுப் போட்டது பதினொரு பேர் இல்லை, ஒருவர்தான். 75 மறுபடி 60க்கு இறங்கிவிடும். இதற்கான மருந்து வியப்பூட்டும் அளவுக்குச் சின்னது. பேசுவதற்கு முன்னால் எல்லோரும் ஆளுக்கொரு தாளில் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். கூட்டத்தின் வரிசையை மாற்றினாலே முடிவின் தரம் மாறுகிறது என்பது எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இனி இந்த விஷயத்தின் நடு முடிச்சுக்கு வருவோம். சரி, தவறு என்று விடை உள்ள கேள்விகள் குறைவு. பெரும்பாலும் கேள்வி, யாருக்கு எது வேண்டும் என்பதுதான். கேம்பிரிட்ஜ் லேஅவுட்காரருக்கு நடைபாதை வேண்டும், சந்துக்காரருக்குச் சாக்கடை வேண்டும். இரண்டும் நியாயம். ஓட்டெடுத்து எண்ணிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். எண்ணிப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்வோம். 60 லட்சம் ரூபாய், 600 ஓட்டு. எந்த வேலையை எடுத்தாலும் பத்து லட்சம். ஆக ஆறு வேலை செய்யலாம். 400 பேர் லேஅவுட் பக்கம், அவர்கள் கேட்பது ஆறு வேலைகள். 200 பேர் சந்துப் பக்கம், அவர்களும் வேறு சில வேலைகளைக் கேட்கிறார்கள். ஒருவர் பிடித்ததற்கெல்லாம் ஓட்டுப் போடலாம். வழக்கமான முறையில் எண்ணினால் லேஅவுட்டின் ஆறு வேலைக்கும் தலா 400 ஓட்டு, சந்தின் வேலைகளுக்குத் தலா 200. அதிக ஓட்டு வாங்கியதிலிருந்து வரிசையாக எடுத்தால் ஆறும் லேஅவுட்டுக்கே போகும். மூன்றில் ஒரு பங்கு மக்கள் கூட்டத்துக்கு வந்து, ஓட்டும் போட்டுவிட்டு, ஒரு ரூபாய் வேலைகூட இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. எண்ணியது ஒழுங்காகத்தான் எண்ணப்பட்டது. எண்ணும் முறைதான் அவர்களை இல்லாமல் செய்தது.

இதே 600 தாள்களை வேறு மாதிரி எண்ணலாம். 60 லட்சத்தை 600ஆல் வகுத்து, ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அவரவர் கையில் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை நடக்க வேண்டுமானால் அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் அதன் செலவைச் சமமாகப் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். பங்குத் தொகை எதற்குக் குறைவோ அந்த வேலை முதலில். லேஅவுட் வேலை ஒன்றுக்கு 400 பேர் தலா 2,500 கட்டுகிறார்கள். நான்கு வேலை முடிந்ததும் பத்தாயிரமும் தீர்ந்துவிட்டது. ஐந்தாவது வேலைக்கு அவர்கள் பையில் காசில்லை. அப்போதும் சந்தின் 200 பேர் கையில் முழுப் பத்தாயிரமும் அப்படியே இருக்கிறது. ஒரு சாக்கடைக்குத் தலா 5,000 என்று அவர்கள் இரண்டு வேலை வாங்குகிறார்கள். நான்கும் இரண்டும் ஆறு. மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேலை. ஓட்டுத் தாள்கள் அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இதற்குச் சமபங்கு முறை என்று பெயர் வைக்கலாம். பியோத்ர் ஸ்கோவ்ரோன், டொமினிக் பீட்டர்ஸ் என்ற கணினி அறிவியலாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் இதை உருவாக்கினார்கள். 2023இல் போலந்தின் வியெலிச்கா, சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஆகிய ஊர்கள் உண்மையான பட்ஜெட்டிலேயே இதைப் பயன்படுத்தின. இதற்குள் இன்னொரு அழகு ஒளிந்திருக்கிறது. லேஅவுட்டும் சந்தும் சேர்ந்து கேட்கிற ஒரு வேலை, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பொதுப் பாதை மாதிரி, பட்டியலில் இருந்தால் அதன் செலவை 600 பேரும் பகிர்வார்கள். தலைக்கு 1,667தான் விழும், ஆகவே அது தானாக முதலிடத்துக்கு வந்துவிடும். இரு தரப்பும் ஒத்துப்போகிற இடத்தை யாரும் பஞ்சாயத்துப் பேசித் தேடவேண்டியதில்லை, கணக்கே தேடிக் கொடுக்கிறது.

ஆசையை எண்ணினால் போதுமா, தேவையை யார் எண்ணுவது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் ஒரு ஊர் பதில் கண்டுபிடித்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989இல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கிய நகரம். அங்கே ஒரு பகுதிக்கு எவ்வளவு பணம் என்பதை மூன்று விஷயங்களை வைத்து மதிப்பெண் போட்டுத் தீர்மானித்தார்கள். மக்கள் எதை முதலில் கேட்டார்கள், எத்தனை பேர் வாழ்கிறார்கள், அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது. மூன்றாவதுதான் சூட்சுமம். சாக்கடையே இல்லாத பகுதிக்குச் சாக்கடைக் கணக்கில் மதிப்பெண் கூடும். சத்தமாகப் பேசத் தெரியாத பகுதிக்காக அந்தச் சூத்திரமே பேசிவிடும். 1989இல் அந்நகரத்தில் 46 சதவீத வீடுகளுக்குத்தான் கழிவுநீர் இணைப்பு இருந்தது. 1996இல் அது 85 சதவீதம்.

இத்தனை கணக்கும் ஓட்டுத் தாள் எழுதியவர்களை வைத்துத்தான். எழுதக் கூட்டத்துக்கே வராதவர்கள்? எந்த நகரத்துக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் நாற்காலியில் இருப்பவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். விடிவதற்குள் துடைப்பத்தோடு கிளம்பும் பௌரகார்மிகர், இரவுப் பணி முடிந்து வந்து தூங்கும் நர்ஸ், வாடகை வீட்டில் ஆறு மாதம் முன்பு குடிவந்த பையன் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். வந்தவர்கள் மீது குற்றமில்லை, அவர்கள் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். ஆனால் வந்தவர்கள் வார்டு ஆகமாட்டார்கள்.

இங்கேதான் குடம் வருகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். நம் வார்டு மாதிரிதான். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற குழுக்களுக்கு ஆள் எடுக்கும் முறை அது. குடவோலை என்ற பெயர் பள்ளிப் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். அதன் உள் ஏற்பாடுகளைத்தான் நாம் நின்று பார்ப்பதில்லை.

குடத்தை முதலில் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலைக் கட்டை எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவன். எடுத்த கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டு மறுபடி குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுக்க வேண்டும். ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும், கையில் இன்னொரு ஓலை மறைந்திருக்கக்கூடாது அல்லவா! அவன் வாசித்த பெயரை அங்கிருக்கும் மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஏமாற்று எந்தெந்த வழியாக நுழையும் என்று உட்கார்ந்து யோசித்து ஒவ்வொன்றையும் அடைத்திருக்கிறார்கள். அண்மையில் பதவி வகித்தவருக்கு மூன்றாண்டு இடைவெளி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் ஓலையே கிடையாது. அந்தக் குடத்தில் யார் பெயர் விழுந்தது என்பதையும் சொல்லவேண்டும். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் பெயர்கள் மட்டும்தான். ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் ஓலையில் ஏறவில்லை. பொறி நுட்பமானது, உள்ளே போட்டது குறுகியது.

அந்தப் பொறியில் எல்லோர் பெயரையும் போட்டால் என்ன ஆகும் என்பதை இப்போது உலகம் சோதித்துப் பார்க்கிறது. அயர்லாந்து 2016இல் 99 குடிமக்களைக் குலுக்கலில் எடுத்து, கருக்கலைப்புச் சட்டம்போன்ற கடினமான கேள்விகளை அவர்கள் முன் வைத்தது. குலுக்கலிலும் ஒரு சிக்கல் உண்டு. அழைப்பு அனுப்பினால் வரச் சம்மதிப்பவர்களில் படித்தவர்களும் வசதியானவர்களும் அதிகமாக இருப்பார்கள். அவர்களிலிருந்து கண்ணை மூடி எடுத்தாலும் சாய்வு போகாது. ஆகவே பெண்கள் இத்தனை, வாடகை வீட்டுக்காரர் இத்தனை, இந்த வயதினர் இத்தனை என்று ஒதுக்கீடு வைக்க வேண்டும். ஒதுக்கீடு வைத்தால் சம்மதித்தவர்களுக்குள் சிலருக்கு வாய்ப்பு மிகவும் குறைந்துவிடலாம். 2021இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வழி சொன்னது. எல்லா ஒதுக்கீட்டையும் காப்பாற்றிக்கொண்டு, மிகக் குறைந்த வாய்ப்பு உள்ளவரின் வாய்ப்பை முடிந்த அளவு உயர்த்தும் கணினி வழிமுறை அது. ஐந்து விரலை விரிக்கச் சொன்ன அதே கவலைதான், கருவி மட்டும் வேறு.

ஜோகுபாளையத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. வாக்காளர் பட்டியல் இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்தும் இருக்கிறது. சாவடிக்கு இத்தனை பேர் என்று குலுக்கி எடுத்து, கூலி இழப்பை ஈடுகட்டி, நான்கு மொழியிலும் அழைப்பு அனுப்பினால் சந்தும் லேஅவுட்டும் அளவோடு ஒரே அறையில் உட்காரும். பெங்களூரில் இப்படிப்பட்ட முயற்சிகளுக்குக் கால் நூற்றாண்டுப் பின்புலம் உண்டு. 2001இல் தொடங்கிய ஜனாக்கிரஹா அமைப்பு, வார்டு வேலைகளைக் குடியிருப்பவர்களே பட்டியலிடும் இயக்கத்தைத் தொடக்கத்திலேயே நடத்தியது. பிறகு ‘என் நகரம் என் பட்ஜெட்’ என்று ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டது. புனே மாநகராட்சி 2006 முதல் மக்களிடம் படிவம் வாங்கி வேலைகளைப் பட்ஜெட்டில் சேர்க்கிறது. ஆக, கேட்பது எப்படி என்று இந்திய நகரங்களுக்குத் தெரியும்.

தெரியாதது பதில் சொல்வது. என் பார்வையில் மொத்த ஏற்பாட்டின் உயிர்நாடி அங்கேதான். மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் மாறவேண்டும். மாறாவிட்டால் இரண்டு முறை திருப்புவோம், மூன்றாவது முறை அதன் பக்கமே போக மாட்டோம். போர்ட்டோ அலெக்ரேயில் ஆண்டின் முதல் சுற்றுக் கூட்டத்தில், போன ஆண்டு ஒத்துக்கொண்டதில் எது முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று நகர அரசு எழுந்து நின்று சொல்லவேண்டியிருந்தது. ஏற்கப்பட்ட வேலைகள் பகுதி வாரியாகப் புத்தகமாக அச்சாயின. அதைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் தெருத் தெருவாகச் சரிபார்த்தார்கள். ஜோகுபாளையத்திலும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே மூன்றில் ஒன்று எழுதப்பட வேண்டும்: ஏற்கப்பட்டது, இதோ ஜாப் கோடு. மறுக்கப்பட்டது, இதோ காரணம். நம் துறை இல்லை, இன்ன துறைக்கு இன்ன தேதியில் அனுப்பினோம். குடிநீர், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் பெங்களூரில் வெவ்வேறு அலுவலகம் என்பதால் மூன்றாவது பதில் அடிக்கடி வரும். அதுவும் பதில்தான்.

கடைசியாக நாள்காட்டி. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பட்ஜெட் மார்ச்சை ஒட்டித் தாக்கலாகும். அதற்குள் வேலை பட்டியலில் ஏற வேண்டுமானால் பொறியாளர் ஜனவரியில் இடத்தைப் பார்த்து அளந்திருக்க வேண்டும். பட்ஜெட் முடிந்து எஸ்டிமேட், ஒப்புதல், டெண்டர் என்று போவதற்குள் மழை வந்துவிடும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரிலும் கொட்டும், ஈரத்தில் தார் போட முடியாது. ஆகவே ஒரு தெருவின் பள்ளம் கேட்ட நாளிலிருந்து மூடுகிற நாள் வரை ஏறக்குறைய ஓராண்டு. வார்டு கமிட்டி பன்னிரண்டு மாதமும் கூடலாம், கூட வேண்டும். ஆனால் பணம் எங்கே போகும் என்பதை மாற்றும் பலம் நவம்பர், டிசம்பர் கூட்டங்களுக்குத்தான் அதிகம். அல்சூரில் கார்த்திகை விளக்கு ஏற்றுகிற வாரத்தில் எழுதிக் கொடுத்த கோரிக்கை அடுத்த நிதியாண்டுப் பட்டியலில் ஏற முடியும். உகாதி முடிந்து கொடுத்தால் அது அதற்கடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.